பரிமாற்ற மாணவர் திட்டம்: திரும்பி வரும் நாளிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

தன்னாட்சிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் நீங்கள் பேராசிரியர். ஜெர்மனியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துடன் உங்கள் கல்லூரி புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்திருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் நான்கைந்து மாணவர்களை ஒரு செமஸ்டருக்கு அங்கே அனுப்பப் போகிறார்கள். பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, போன பிள்ளைகளை இங்கிருந்தபடியே எப்படிக் கவனித்துக்கொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கல்லூரியின் சர்வதேச உறவுகள் அலுவலகத்தில் இதே வேலையைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதில் நீளமாகத்தான் இருக்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுப் படம் எடுத்துக்கொள்வது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. மாணவர் அங்கே படித்துத் தேறிய பாடங்கள் இங்கே அவருடைய மதிப்பெண் பட்டியலில் ஏறுமா, ஏறாதா என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு அவர் விமானம் ஏறும் முன்பே எழுத்தில் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அனுப்பாதீர்கள். கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஆறு மாதம் வெளிநாட்டில் உழைத்துப் படித்துவிட்டு வந்த ஒரு பிள்ளையிடம், "அந்தப் பாடங்களை நாங்கள் ஏற்க முடியாது, இங்கே விட்டதை எல்லாம் அரியராக எழுது" என்று சொல்வதைவிடக் கொடுமையான செயல் ஒரு கல்வி நிறுவனத்துக்கு வேறு இல்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. சோபியா கொராடி என்ற இத்தாலிய மாணவி 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையுடன் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலைப் பட்டத்துடன் ரோம் நகருக்குத் திரும்பினார். அவருடைய சொந்தப் பல்கலைக்கழகம் அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. வெளியே படித்தது வீட்டிலும் செல்ல வேண்டும் என்று அதன் பிறகு பல ஆண்டுகள் விடாமல் வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1987இல் ஐரோப்பிய நாடுகளின் மாணவர் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிறந்தபோது முதல் ஆண்டில் 11 நாடுகளுக்கிடையே 3,244 மாணவர்கள் போய்வந்தார்கள். பயணத்துக்குப் பணம் தந்தது மட்டும் அந்தத் திட்டத்தின் சாதனை அல்ல. மாணவர், அனுப்பும் நிறுவனம், ஏற்கும் நிறுவனம் ஆகிய மூவரும் கையெழுத்திடும் கல்வி ஒப்பந்தம் என்ற தாளை அது நடைமுறையாக்கியது. இன்ன பாடத்தை அங்கே படித்தால் இங்கே இன்ன பாடத்துக்கு ஈடு என்று அதில் வரிவரியாக இருக்கும். உங்கள் கூட்டாளிப் பல்கலைக்கழகம் அந்தப் படிவத்துக்குப் பழகியது. எராஸ்மஸ் நிதி இல்லாவிட்டாலும் அதே மாதிரியில் ஒன்றைத் தயாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஐரோப்பிய கிரெடிட் முறையில் முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட், ஒரு செமஸ்டர் 30. ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, வீட்டுப்படிப்பு, தேர்வுத் தயாரிப்பு எல்லாம் அதற்குள் அடக்கம். நம் பொறியியல் பாடத்திட்டத்தில் ஒரு செமஸ்டர் ஏறத்தாழ 20 கிரெடிட்டை ஒட்டியே இருக்கிறது. ஆகவே அங்கே ஆறு கிரெடிட் உள்ள பாடத்தை இங்கே நான்கு கிரெடிட்டாக எடுப்பது நியாயம். சில துறைத் தலைவர்கள் வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு மூன்றுக்கு மேல் தர மறுப்பார்கள். அந்த விவாதத்தை மாணவர் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பாடத்திட்டத்தை எழுபது விழுக்காடு ஒத்துப்போகிறதா என்று அலகு அலகாக ஒப்பிட்டுக்கொண்டிருப்பதும் வேண்டாத வேலை. எல்லாமே இங்கே இருப்பதுபோல் இருக்குமென்றால் அவ்வளவு தூரம் போவானேன்? கட்டாயப் பாடங்களில் ஒன்றிரண்டை மட்டும் ஒப்பிட்டு ஈடுகட்டுங்கள். மற்றவற்றை விருப்பப் பாடங்களாக ஏற்றுக்கொள்ளுங்கள். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் உங்கள் பாடத்திட்டக் குழுவிலும் கல்விக் குழுவிலும் தீர்மானமாக இது நிறைவேற வேண்டும். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரை முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். கடைசியில் கிரெடிட்டை ஏற்றப் போகிறவர் அவர்தான். அவர் காதில் விஷயம் கடைசியாக விழுந்தால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

மதிப்பெண் மாற்றம் தனித் தலைவலி. ஜெர்மனியில் 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி; 5.0 தோல்வி. இங்கிருந்து அங்கே மாற்ற பவேரிய சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். உச்ச மதிப்பிலிருந்து மாணவர் பெற்றதைக் கழித்து, அதை உச்சத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பத்துக்கு 8.5 வாங்கியவர், தேர்ச்சி மதிப்பு 5 என்றால், அங்கே 1.9. அதையே திருப்பிப் போட்டால், அங்கே 2.0 வாங்கி வருபவருக்கு இங்கே 8.3 கிடைக்கும். இந்த அட்டவணையை முன்கூட்டியே அச்சிட்டு மாணவரிடமும் பெற்றோரிடமும் கொடுத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு அங்கே வாங்கும் மதிப்பெண்ணைச் சராசரியில் சேர்க்காமல் கிரெடிட்டை மட்டும் சேர்ப்பதே நல்லது. அந்தத் தேர்வு முறை நம் பிள்ளைகளுக்குப் புதிது. பெரும்பாலான பாடங்களில் அகமதிப்பீடு கிடையாது. செமஸ்டர் முடிவில் ஒரே தேர்வு, அதுவே முழு மதிப்பெண். ஒன்பதுக்கு மேல் சராசரி வைத்திருக்கும் மாணவர் அது குறையுமோ என்று பயந்தே விண்ணப்பிக்காமல் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது காலண்டர். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் அக்டோபர் முதல் மார்ச் வரை; வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கி பிப்ரவரி வரை நடக்கும். கோடைகால செமஸ்டர் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. வகுப்புகள் ஜூலையில் முடியும். நம் செமஸ்டர்கள் ஜூலையிலும் ஜனவரியிலும் தொடங்குபவை. ஆகவே எப்படிப் போனாலும் ஓர் ஓரம் இடிக்கும். குளிர்காலத்துக்குப் போகிறவர் இங்கே ஒற்றைப்படை செமஸ்டரை முழுதாக விடுவதோடு அடுத்த செமஸ்டரின் முதல் பாதியையும் இழக்கிறார். அதிலும் ஏழாவது செமஸ்டரில் அனுப்பினால் வளாக நேர்காணல்கள் போய்விடும். எந்தத் தந்தையும் அதற்குச் சம்மதிக்க மாட்டார், சம்மதிக்கவும் கூடாது. நான் பரிந்துரைப்பது ஆறாவது செமஸ்டரில் ஜெர்மன் கோடைகாலம். ஜனவரி முதல் மார்ச் வரை மாணவர் இங்கேதான் இருப்பார். அந்த மூன்று மாதத்தில் ஒரு பாடத்தைச் சுருக்கி நடத்தி முடித்துவிடலாம். ஜெர்மன் மொழியின் முதல் நிலையையும் கற்பிக்கலாம். உங்கள் கூட்டாளி, தொழில் சார்ந்த பயிற்சிக்கு முக்கியத்துவம் தரும் பயன்பாட்டு அறிவியல் பல்கலைக்கழகமாக இருந்தால் இன்னும் வசதி. அவற்றில் பலவற்றில் கோடை வகுப்புகள் மார்ச் நடுவிலேயே தொடங்கி, ஜூலைக்குள் தேர்வும் முடிந்துவிடும். மற்ற பல்கலைக்கழகங்களில் சில தேர்வுகள் ஆகஸ்ட், செப்டம்பருக்குக்கூடத் தள்ளிப்போகும். எந்தப் பாடத்துக்கு எந்த மாதம் தேர்வு என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பாடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

கட்டண விலக்கு என்ற ஒரு வரியை நம்பிப் பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். பரிமாற்றத்தின் பொருள், மாணவர் தன் கல்லூரிக்கு மட்டும் கட்டணம் கட்டுவது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பொதுவாகக் கல்விக் கட்டணமே கிடையாது. ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஒப்பந்தத்தின் கீழ் வரும் பரிமாற்ற மாணவருக்கு அதில் விலக்கு உண்டு. அதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். செமஸ்டர் பங்களிப்பு என்று வேறொரு தொகை எல்லா இடத்திலும் உண்டு. உண்மையான செலவு தங்குவதும் சாப்பிடுவதும்தான். 2024 செப்டம்பர் முதல் மாணவர் விசாவுக்கு மாதம் 992 யூரோ என்ற கணக்கில், ஆண்டுக்கு 11,904 யூரோ பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்க விடும் முடக்கிய கணக்கில், காட்ட வேண்டியிருக்கிறது. ஒரு செமஸ்டருக்கு அதில் பாதியை ஒட்டி என்றாலும், நடுத்தரக் குடும்பத்துக்குப் பெரிய தொகை. கல்லூரி ஒரு சிறிய உதவித்தொகையாவது ஒதுக்காவிட்டால், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே போகும் திட்டமாக இது முடியும். நிர்வாகத்திடம் இதைத் தயங்காமல் கேளுங்கள். எராஸ்மஸ் பிளஸ் திட்டத்தில் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள நாடுகளுக்கும் ஒரு பிரிவு இருக்கிறது. விண்ணப்பிக்க வேண்டியவர்கள் ஐரோப்பியக் கூட்டாளிகள்தான் என்பதால், அவர்களிடம் நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கள்.

போய் இறங்கும் முதல் மாதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் இருந்தும் கையில் காசில்லாமல் பிள்ளைகள் தவிப்பது அப்போதுதான். பிளாக்டு அக்கவுண்டில் உள்ள பணம் மாதாமாதம் வர வேண்டுமானால் அங்கே ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். வங்கி பெரும்பாலும் முகவரிப் பதிவுச் சான்றைக் கேட்கும். முகவரிப் பதிவு, குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் செய்ய வேண்டியது. அதற்கு வீட்டு உரிமையாளர் அல்லது விடுதி தரும் உறுதிக் கடிதம் வேண்டும். தற்காலிகமாக நண்பர் அறையில் தங்கியிருந்தால் அந்தக் கடிதம் கிடைக்காது. மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேர்க்கை முடியாது. சேர்க்கை முடியாமல் மாணவர் பயணச்சீட்டு வராது. ஒன்றைப் பிடித்து ஒன்று தொங்கும் சங்கிலி இது. இதன் முதல் கண்ணி தங்குமிடம். எனவே விடுதி அறை உறுதியாகாத மாணவருக்கு விமான டிக்கெட் எடுக்க அனுமதிக்காதீர்கள். ஜெர்மனியில் விடுதிகளை நடத்துவது ஸ்டூடியரண்டன்வெர்க் என்ற தனி அமைப்பு. மூனிக் போன்ற நகரங்களில் அதன் அறைகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். பரிமாற்ற மாணவர்களுக்கென்று சில அறைகளை ஒதுக்கித் தரும்படி ஒப்பந்தப் பேச்சின்போதே கேளுங்கள். பின்னால் கேட்டால் கிடைப்பது அரிது. முதல் ஐந்தாறு வாரத்துக்கான பணத்தைப் பயண அட்டையிலும் கொஞ்சம் ரொக்கமாகவும் கையோடு கொடுத்தனுப்பச் சொல்லுங்கள்.

எங்கள் மாணவி ஒருத்தி படிப்பில் கெட்டிக்காரி. வகுப்புகளுக்கு ஒழுங்காகப் போனாள், ஆய்வகக் குழுவில் நல்ல பெயர் வாங்கினாள். தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பு நான் காணொளியில் பேசியபோது, "எந்தெந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தாய்?" என்று கேட்டேன். "பாடத்துக்குப் பதிவு செய்துவிட்டேனே, சார்" என்றாள். அங்கே பாடத்துக்குப் பதிவது வேறு, தேர்வுக்குப் பதிவது வேறு. தேர்வுப் பதிவுக்கென்று இணையதளத்தில் ஒரு குறிப்பிட்ட கால அவகாசம் உண்டு. அது முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. ஹால் டிக்கெட் வாங்கிக்கொள் என்று யாரும் கூப்பிட்டுச் சொல்வதில்லை. பரிமாற்ற அலுவலகத்துக்கு எழுதி, பேராசிரியர்களைத் தனித்தனியாகக் கேட்டு, இரண்டு பாடங்களில் தேர்வெழுத இடம் கிடைத்தது, மூன்றாவது கிடைக்கவில்லை. அந்த நிகழ்வுக்குப் பிறகு, தேர்வுப் பதிவு முடிந்ததற்கான ஸ்கிரீன்ஷாட்டை எங்களுக்கு அனுப்பும் வரை ஒவ்வொரு மாணவரையும் விடாமல் கேட்பது வழக்கமாயிற்று. நீங்களும் அப்படியே செய்யுங்கள். போய்ச் சேர்ந்த முதல் வாரங்களில் பாடம் மாறுவதும் சகஜம். நேரம் இடிக்கும், அல்லது ஆங்கிலத்தில் நடக்கும் என்று போட்டிருந்த பாடம் ஜெர்மனில் நடக்கும். மாற்றிய பாடத்துக்கும் கல்வி ஒப்பந்தத்தில் மூவரின் கையெழுத்து வேண்டும். எராஸ்மஸ் நடைமுறையில் மாற்றம் கேட்க ஐந்து வார அவகாசம் தருகிறார்கள். உங்கள் தரப்பில் ஒரு வாரத்துக்குள் பதில் போய்ச் சேர வேண்டும். குழு கூடட்டும் என்று மாணவரைக் காக்க வைக்காதீர்கள்.

மாணவர்களின் மனநிலையைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். நார்வேயைச் சேர்ந்த ஸ்வெர்ரே லிஸ்கார்ட், அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட் உதவித்தொகையில் போய்வந்த தம் நாட்டவர்களை ஆராய்ந்து 1955இல் ஒரு கட்டுரை எழுதினார். தொடக்கத்தில் உற்சாகம், நடுவில் சரிவு, பின்பு மெல்ல ஏற்றம் என்ற வளைவு அதிலிருந்து பிரபலமானது. எல்லோருக்கும் அப்படியே நடப்பதில்லை. பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் அந்த வளைவைக் கேள்விக்கு உட்படுத்தியும் இருக்கிறார்கள். என் அனுபவத்தில் முதல் மாதம் கடினம்தான், ஆனால் வேலைகள் அடுத்தடுத்து இருப்பதால் பிள்ளைகள் தாக்குப்பிடித்துவிடுகிறார்கள். கவனிக்க வேண்டியது அதற்குப் பிறகு வரும் அமைதி. இங்கே விடுதியில் சாப்பாட்டுக்கு வரவில்லையென்றால் பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டுவான். அங்கே தனி அறை, தனிச் சமையல். நான்கு நாட்கள் வெளியே வராவிட்டாலும் யாரும் கேட்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு டிசம்பரில் மாலை நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கிறிஸ்துமஸ் விடுமுறையில் விடுதியே காலியாகிவிடும். அந்தப் பத்து நாட்களுக்கு யார் எங்கே இருக்கப்போகிறார்கள் என்று நவம்பரிலேயே கேட்டு வையுங்கள். கூட்டாளிப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுக்கு மேல் அமைந்தால் இருவர் இருவராக ஓர் ஊருக்கு அனுப்புங்கள். ஐந்து பேரை ஒரே ஊருக்கு அனுப்பினால் ஐவரும் ஒன்றாகவே சமைத்துச் சாப்பிட்டு ஒன்றாகவே திரும்பி வருவார்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள். குழுவாகப் பேசினால் "எல்லாம் நன்றாக இருக்கிறது, சார்" என்ற ஒரே பதில்தான் வரும். "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்பதைவிட, நேற்று என்ன சமைத்தாய், வாரக் கடைசியில் எங்கே போனாய், ஆய்வகத்தில் யாருடன் சேர்ந்து வேலை செய்கிறாய் என்று கேளுங்கள். பதில்கள் சுருங்கிக்கொண்டே வந்தால், அழைப்பைத் தள்ளிப்போட்டால், அன்றே அங்குள்ள பரிமாற்ற அலுவலகத்துக்குத் தெரிவித்து நேரில் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டூடியரண்டன்வெர்க் அமைப்புகள் மனநல ஆலோசனையை இலவசமாகத் தருகின்றன. பல இடங்களில் ஆங்கிலத்திலும் பேசலாம். அதன் விவரத்தைப் புறப்படும் முன்பே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டால், தேவைப்படும்போது யாருக்கும் கூச்சம் இருக்காது.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மாணவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், அங்குள்ளவர்கள் உங்களிடமோ பெற்றோரிடமோ எதுவும் சொல்ல மாட்டார்கள். பதினெட்டு வயது நிரம்பியவரின் உடல்நலத் தகவலை அவர் சம்மதமின்றி வெளியிட அவர்களுக்கு உரிமை இல்லை. மருத்துவ இரகசியக் கடமையோடு, 2018 முதல் நடப்பில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. "என் பிள்ளையைப் பற்றி எனக்கே சொல்ல மாட்டார்களா?" என்று பதறும் தாயிடம் அப்போது சட்டம் பேச முடியாது. எனவே நெருக்கடியில் யாரிடம் எதைச் சொல்லலாம் என்று மாணவரே கையெழுத்திட்ட சம்மதக் கடிதம் ஒன்றைப் புறப்படும் முன் வாங்கி, ஒரு பிரதியைக் கூட்டாளிப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிடுங்கள். பெற்றோரை ஒருநாள் கல்லூரிக்கு வரவழைத்து இதையெல்லாம் உட்கார்ந்து பேசுங்கள். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் குடும்பங்கள் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு மனம் மாறுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சென்ற ஆண்டு போய்வந்த மாணவியின் அம்மா அங்கே வந்து பேசினால், உங்கள் பேச்சைவிட அதற்கு வலு அதிகம்.

அவசர எண் ஒன்று, இரவும் பகலும் எடுக்கப்படும் எண், கட்டாயம் வேண்டும். குளிர்காலத்தில் நாம் அவர்களைவிட நான்கரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே இரவு பத்து மணிக்கு ஒரு பிள்ளை கலங்கிப்போய் அழைத்தால் இங்கே விடியற்காலை இரண்டரை. அந்த எண்ணை ஒரே ஆளிடம் ஆண்டு முழுவதும் கொடுத்துவிடாமல் மூவர் முறை வைத்துப் பாருங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112, போலீஸுக்கு 110, அவசரமில்லாத மருத்துவ உதவிக்கு 116117. இவை மாணவரின் கைபேசியில் இருக்க வேண்டும். பெர்லினில் நம் தூதரகமும், மூனிக், ஃபிராங்க்ஃபர்ட், ஹாம்பர்க் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. போனதும் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளம் வழியாகவும் உதவி கேட்கலாம்.

பெரிய நெருக்கடி வந்தால் யார் முடிவெடுப்பது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். கொரோனா பரவியபோது 2020 மார்ச் 22 முதல் இந்தியாவுக்கான சர்வதேசப் பயணிகள் விமானங்கள் நின்றன. வெளிநாட்டில் சிக்கியவர்களை அழைத்துவர அரசு ஏற்பாடு செய்த வந்தே பாரத் விமானங்கள் பறக்கத் தொடங்கியது மே 7இல்தான். "இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம்" என்று நிர்வாகம் யோசித்துக்கொண்டிருந்த இடங்களில் பிள்ளைகள் ஆறு வாரத்துக்கு மேல் அறைக்குள் முடங்கினார்கள். திரும்பி வா என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு, டிக்கெட் பணம் யாருடையது, பாதியில் நின்ற செமஸ்டரின் கிரெடிட் என்ன ஆகும் என்ற மூன்றுக்கும் ஒப்பந்தத்தின் இணைப்பில் பதில் இருக்கட்டும். காப்பீட்டில் மாணவரைத் தாயகம் கொண்டுவரும் செலவு சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

அங்கிருந்து வருபவர்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பரிமாற்றம் என்றால் எண்ணிக்கை சமமாக வேண்டும். நாம் நான்கு பேரை அனுப்பி அவர்கள் ஒருவரையும் அனுப்பாவிட்டால் மூன்றாம் ஆண்டில் நம் இடங்களைக் குறைப்பார்கள். முழு செமஸ்டருக்கு இங்கே வர ஜெர்மன் மாணவர்கள் எளிதில் முன்வருவதில்லை. ஜனவரி, பிப்ரவரியில் வெயில் இதமாக இருக்கும்போது நான்கு வாரக் குறுகியகாலப் படிப்பு ஒன்றை நடத்தி, அப்படி வரும் சிலரை ஒரு செமஸ்டர் மாணவருக்கு ஈடாகக் கணக்கிடலாம் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜனவரி, பிப்ரவரி அங்கே வகுப்பும் தேர்வும் நடக்கும் காலம் என்பதால், கூட்டாளியின் காலண்டரைப் பார்த்து ஆகஸ்ட், செப்டம்பரையும் பரிசீலியுங்கள். வெளிநாட்டவர் விடுதியில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அவர் தங்கும் விவரத்தை அரசின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும்; முன்பு இதைச் சி படிவம் என்பார்கள். விடுதிக் காப்பாளருக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிடுங்கள்.

மாணவர் திரும்பிய பிறகும் உங்கள் வேலை முடியவில்லை. மதிப்பெண் சான்றிதழ் அங்கிருந்து வர சில வாரங்கள் ஆகும்; அதற்குள் இங்கே ஏழாவது செமஸ்டர் தொடங்கி, நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் "நிலுவைப் பாடம் இல்லை" என்ற சான்றைக் கேட்கத் தொடங்கும். ஆறாவது செமஸ்டர் காலியாகத் தெரியும் பட்டியலைப் பார்த்து நல்ல மாணவரை நேர்காணலுக்கே விடாமல் ஒதுக்கிவிடுவார்கள். அதனால் மாணவர் புறப்படும்போதே, "இவர் பரிமாற்றத்தில் இருக்கிறார், மதிப்பெண் வந்துகொண்டிருக்கிறது" என்று தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரும் வேலைவாய்ப்பு அலுவலரும் கையெழுத்திட்ட கடிதத்தைத் தயாராக வைத்திருங்கள். சான்றிதழ் வந்து, கிரெடிட் ஏறி, திருத்திய பட்டியல் மாணவர் கைக்குப் போன பிறகே அவருடைய கோப்பை மூடுங்கள்.